நெட்டுக்கு ரவுண்டு லைன் போட்ட கதை

எங்கள் பக்கம் கூட்டுக் கிணறு இல்லாத குடும்பம் கிடையாது. கூட்டுக் கிணற்றை வைத்துக்கொண்டு சண்டை போடாத குடும்பமும் கிடையாது. ஆனால் எந்தச் சண்டையிலும் மரியாதை மட்டும் குறையாது. "நீங்க என்ற முறைத் தண்ணியத் திருடறீங்க" என்பார் ஒருத்தர். "நீங்கதானுங்க திருடறீங்க" என்பார் அடுத்தவர். மண்வெட்டியை ஓங்கும்போதுகூட "சித்த தள்ளி நில்லுங்க" என்றுதான் சொல்வார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற வெளியூர்க்காரர், யாரோ யாரையோ கல்யாணத்துக்கு அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

நான் சொல்லப்போவதும் ஒரு கூட்டுக் கிணற்றுக் கதைதான். இந்தக் கிணற்றில் தண்ணீருக்குப் பதில் இன்டர்நெட் வந்தது, அவ்வளவுதான்.

என் பெயர் செல்லமுத்து. அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டம். மோட்டார் ரீவைண்டிங், பைப் லைன், சொட்டு நீர் எல்லாம் செய்வேன். படிப்பு எட்டாம் வகுப்பு. (பாஸா என்று கேட்பது நாகரிகம் இல்லீங்க.) சுற்றுவட்டாரத்தில் எந்த போர்வெல்லில் மோட்டார் மாட்டிக்கொண்டாலும் எனக்குத்தான் போன் வரும். அதனால் எனக்குள் ஒரு நம்பிக்கை வேர் விட்டுவிட்டது. பூமிக்கு அடியில் எங்கேயோ கிடக்கிற மோட்டாருக்கு என்ன வியாதி என்று மேலே நின்றபடியே சொல்கிறவனுக்கு, பூமிக்கு மேலே இருக்கிற சாமான் எல்லாம் எம்மாத்திரம்? என் மனைவி சரசு இதை நம்பிக்கை என்று சொல்வதில்லை. அவள் சொல்கிற வார்த்தையை அச்சில் போட முடியாது.

எங்கள் தோட்டத்தில் தார் ரோட்டை ஒட்டி என் வீடு. நடுவில் ஒரு குடோன். கடைசியில் கிணற்றை ஒட்டி என் அண்ணன் நாச்சிமுத்து வீடு. அண்ணன் விசைத்தறி வைத்திருக்கிறார். துணிக்கு பில் போட ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறார். அது அவர் கல்யாணச் சீரில் வந்ததோ என்று சந்தேகப்படும் அளவுக்குப் பழையது. பாகம் பிரித்த அன்று மரத்தில் தொங்கிய இளநீர்க் குலையைக்கூட அண்ணாந்து பார்த்துப் பிரித்தவர் அவர். எங்கள் வரப்பில் சாய்ந்து நிற்கும் ஒரு தென்னைக்கு வேர் அவர் பாகத்தில், தேங்காய் விழுவது என் பாகத்தில். அந்த மரத்தடியில் நடந்த பேச்சுவார்த்தைகளை இரண்டு நாடுகள் நடத்தியிருந்தால் நடுவில் யாராவது வெளிநாட்டுக்காரர் வந்து கைகுலுக்க வைத்திருப்பார்.

நடுவில் இருக்கிற குடோனில் ரபீக் பாய் குடியிருந்தார். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். சட்டையில், சுடிதாரில் பூவேலை போடும் எம்பிராய்டரி மெஷின் வைத்திருந்தார். பூவை முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து திருப்பூருக்கு அனுப்பி, அங்கே சரி என்று சொன்ன பிறகுதான் மெஷினில் ஏற்றுவார். ஆக அண்ணனுக்கு ஒரு கம்ப்யூட்டர், பாய்க்கு ஒரு கம்ப்யூட்டர். என் மகள் திவ்யாவுக்கு ஒரு லேப்டாப். அவள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தாள். நெட்வொர்க் சம்பந்தமான படிப்பு. இந்தக் கதையில் அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

நெட் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் ஒரே ஒரு வயர்தான் இழுக்க முடியும் என்று சொல்லி, என் வீட்டு ஹாலில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மற்ற இருவருக்கும் நான் பகிர்ந்து கொடுக்க வேண்டும். பகிர்ந்து கொடுப்பது என்றால் எனக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒரு போர்வெல்லிலிருந்து பத்து வயலுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுத்தவன் நான்.

திவ்யாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பா, ஒரு ஆளக் கூப்புட்டுச் செய்யுங்க. நீங்க தொடாதீங்க" என்றாள்.

"சரி அம்மணி" என்று சொல்லி போனை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தேன்.

அந்த வயரைச் சீவினால் உள்ளே எட்டு நூல். கலர் கலராக, குழந்தைகளுக்கு விற்கிற சவ்வுமிட்டாய் மாதிரி. கரண்டு கனெக்‌ஷன் எப்படிப் பிரிப்போமோ அப்படியே பிரித்தேன். பச்சையோடு பச்சை, காவியோடு காவி முறுக்கி, டேப் சுற்றி, ஒரு வயர் பாய் குடோனுக்கு, ஒரு வயர் அண்ணன் வீட்டுக்கு. பார்க்க அழகாக இருந்தது. நெட் மட்டும் வரவில்லை.

பாய் வந்து வாசலில் நின்றார். "அண்ணே, ஒண்ணும் வரலீங்களே?"

"புது லைனுங்க பாய். உள்ள காத்து அடைச்சிருக்கும். சித்த நேரம் உட்டீங்கன்னா வந்துரும்."

பாய் மிகவும் நல்ல மனுசர். மறுத்துப் பேச மாட்டார். உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "காத்து இன்னும் போகலீங்க போல" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் இதுதான் ஒரு தொந்தரவு.

மறுபடியும் திவ்யாவுக்குப் போன். அவள் ஹாஸ்டலில் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து அறைப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்களாம். பிறகு அழகாக, பொறுமையாகச் சொன்னாள். நெட்டை முறுக்கிப் பிரிக்க முடியாது. அதற்கென்று சின்னப் பெட்டி விற்கிறது. அதில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், ஆளுக்கொரு ஓட்டை. பாய் குடோனில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வயர் கொடுத்தால் போதும். காந்திபுரத்துக்குப் போய் இரண்டு பெட்டியும், முனையில் பிளக் அடித்த நீள வயர்களும் வாங்கி வந்தேன். ஒரு வயர் கூடுதலாகவே வாங்கினேன். தொழில்காரன் கையில் எப்போதும் ஒரு நீளம் எச்சா இருக்க வேண்டும். (கடைசியில் என்னைக் கவிழ்த்தது அந்த எச்சா வயர்தான்.)

என் ஹாலிலிருந்து பாய் குடோன், அங்கிருந்து அண்ணன் வீடு. வேலை செய்தது. நான் கொஞ்ச நாள் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன். மோட்டார் மாட்டப் போன இடத்தில் எல்லாம், யாரும் கேட்காமலேயே, "நெட் லைன் ஏதாச்சும் பிரிக்கோணும்னா சொல்லுங்க" என்றேன். யாரும் சொல்லவில்லை.

பிறகு ஆரம்பித்தது கிணற்றுச் சண்டை.

அண்ணன் ஒருநாள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "தம்பி, உன்ற ஊட்ல நெட்டு எப்படி வருது?"

"நல்லா வருதுங்ண்ணா."

"வரும். வராம எங்க போவுது. பெட்டி உன்ற ஊட்ல இருக்குது."

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் என் பாகத்து ரூமில் இருந்த காலத்தில் இதே வாக்கியத்தை இதே கட்டிலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். வார்த்தை மாறவில்லை. கட்டிலும் மாறவில்லை.

வேகம் பார்க்கிற ஒன்றைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு வந்தார். என் ஹாலில் நின்று பார்த்தார். பாய் குடோனில் நின்று பார்த்தார். தன் வீட்டில் நின்று பார்த்தார். போனைக் கையில் ஏந்திக்கொண்டு தோட்டத்தின் குறுக்கே அவர் நடந்ததைப் பார்த்த பால்காரர், "பெரியவர் தண்ணிக்கு ஓட்டம் பாக்கறாருங்களா?" என்று கேட்டார்.

"கடேசில இருக்கறவனுக்கு எப்பவும் கொறச்சல்தான்" என்று தீர்ப்புச் சொன்னார் அண்ணன். "முறை போட்டுக்கலாம்."

முறை போட்டோம். கிணற்றுக்குப் போடுவது போலவே. காலையில் பாய், வெயில் ஏறிய பிறகு அண்ணன், சாயங்காலம் நாங்கள். ஒருவர் முறையில் மற்றவர்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும். பாய் பெருந்தன்மையாக, "தொழுகைக்குப் போற நேரம் என்ற முறைய அண்ணனே எடுத்துக்கட்டுங்க" என்றார். அன்று அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. "அவுரு எதுக்கு உட்டுக் குடுக்கறாரு? அந்த நேரத்துல நெட்டு வராதோ என்னமோ?"

சரசு இந்த முறை எதையும் மதிக்கவில்லை. போனில் சமையல் பார்த்துக்கொண்டே சமைத்தாள். அண்ணன் அதைக் கண்டுபிடித்து, "அம்மணி, என்ற முறைல நீ சாம்பார் வெக்கறே" என்றார்.

"நீங்களும் வந்து அந்தச் சாம்பாரத்தானுங்க மாமா சாப்புடறீங்க" என்றாள் சரசு. வழக்கு தள்ளுபடியானது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திவ்யா படிப்பை முடித்து வீட்டுக்கு வந்தாள். பெங்களூர் கம்பெனி ஒன்றில் வேலைக்கு எழுதிப்போட்டு, சில கட்டம் தாண்டி, கடைசி இன்டர்வியூ பாக்கி. அதுவும் வீட்டிலிருந்தபடியே, லேப்டாப்பில், முகம் பார்த்துப் பேச வேண்டும். அவளுக்கு இந்த வேலை என்றால் உயிர். கிடைக்காவிட்டால் வீட்டில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், ஜாதகத்தோடு வந்து இறங்கிவிடுவார்கள். ஏற்கெனவே சரசுவின் சித்தி ஒருத்தர் கைப்பையில் ஒரு ஜாதகத்தை வைத்துக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் மூன்று வீட்டையும் கூட்டி நிலைமையைச் சொன்னேன். இன்டர்வியூ நடக்கிற காலையில் யாரும் நெட்டைத் தொடக்கூடாது.

"நான் மெஷினவே நிறுத்திக்கறனுங்க. பாப்பா நல்லாப் பண்ணட்டும்" என்றார் பாய்.

"அம்மணிக்கு இல்லாததா" என்றார் அண்ணன். "என்ற முறைய உட்டுத் தாரேன். மறுநா சேத்திப் புடிச்சுக்கறேன்." கொஞ்சம் யோசித்து, "லோடு கெளம்பற நேரம் ஒரே ஒரு பில்லு மட்டும் போட்டுக்கறேன். லாரிக்காரன் நிக்கமாட்டான்" என்றார்.

அந்த ஒரு பில் என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மகள் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் பில் போட, நெட் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டால்? படுத்தபடி யோசித்தேன். யோசிக்க யோசிக்க என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. (கொடுக்காமலே இருந்திருக்கலாம்.)

சொட்டு நீர் போட்ட தோட்டத்தில் இதே பிரச்சினைதான் வரும். பைப்பின் முன்னால் இருக்கிற செடிக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், கடைசிச் செடிக்குச் சொட்டும். அதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. பைப்பின் கடைசி முனையைக் கொண்டுவந்து முதல் முனையோடு சேர்த்துவிடுவோம். ரவுண்டு லைன் என்போம். தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும், எல்லாச் செடிக்கும் ஒரே பிரஷர். நான் ரவுண்டு லைன் போட்டுக் கொடுத்து எத்தனையோ பங்காளிச் சண்டை தீர்ந்திருக்கிறது. என் சொந்தப் பங்காளிக்குப் போடாமல் விட்டிருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

இன்டர்வியூ அன்று காலை. திவ்யா தலை சீவிக்கொண்டிருந்தாள். மேலே கோட்டு, கீழே பூப்போட்ட நைட் பேண்ட். இடுப்புக்குக் கீழே கம்பெனிக்குத் தெரியாது என்றாள். நான் சத்தம் போடாமல் அந்த எச்சா வயரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பெட்டியில் ஒரு முனையைச் சொருகினேன். கிணற்றைச் சுற்றி, அந்தச் சாய்ந்த தென்னை மேலே போட்டு, வீட்டுக்குப் பின்புறமாக இழுத்து வந்தேன். என் ஹால் பெட்டியில் ஒரு ஓட்டை காலியாக, எனக்காகவே திறந்து வைத்த மாதிரி இருந்தது. சொருகினேன். கிளிக் என்று ஒரு சத்தம். வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த சத்தங்களில் ஒன்றாக அது ஒரு நொடி இருந்தது.

பெட்டியில் இருந்த எல்லா லைட்டும் அடித்தது பாருங்கள். அதுவரை சோம்பேறித்தனமாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டி, தேர்த்திருவிழா சீரியல் செட் மாதிரி படபடவென்று வெட்டியது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. சரசுவைக் கூப்பிட்டேன்.

"வந்து பாரு. எப்படி அடிக்குது பாத்தியா? ஃபுல் பிரஷர்."

சரசு கரண்டியோடு வந்து பார்த்தாள். "பிரஷர் மாதிரித் தெரியலீங்க. பயந்து அடிச்சுக்கற மாதிரி இருக்குது."

"உனக்கு என்ன தெரியும்?"

உள் அறையிலிருந்து திவ்யாவின் குரல் வந்தது. "அப்பா, நெட்டு போயிருச்சு."

அதே நேரத்தில் பாய் வாசலுக்கு வந்தார். "அண்ணே, மெஷினெல்லாம் நிறுத்திப்போட்டனுங்க. சும்மா திருப்பூர்க்காரருக்குத் தகவல் சொல்லலாம்னு பாத்தேன், நெட்டே இல்லீங்க." அவர் பின்னாலேயே அண்ணன் வந்தார். "என்னடா பண்ணுனே? பில்லு நடுவுல நிக்குது."

"இப்பத்தானுங்ண்ணா சரி பண்ணுனேன்."

"எனக்கு வரல."

"பாய்க்கும் வரலீங்ண்ணா. நம்ம ஊட்லயும் வரல."

அண்ணன் முகத்தில் ஒரு சாந்தம் பரவியதை நான் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் முதல்முறையாக மூன்று வீட்டுக்கும் சரிசமமாக வந்தது. ஒன்றுமே வராததால் யாருக்கும் குறைச்சல் இல்லை.

பெட்டியை அணைத்துப் போட்டேன். மூச்சு விடுகிற நேரம் உயிர் வந்தது, மறுபடியும் படபடப்பு, மறுபடியும் செத்தது. திரும்பவும் அணைத்துப் போட்டேன். அதே கதை. திவ்யா அறையிலிருந்து வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "அப்பா, அவிய காத்துட்டு இருப்பாங்க. ஆரம்பிக்கற நேரம் ஆயிருச்சு." அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"போன்ல பேசு கண்ணு" என்றாள் சரசு.

எங்கள் தோட்டத்தில் முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்குப் போன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல். திவ்யா கோட்டோடும் பூப்போட்ட பேண்டோடும் இரும்பு ஏணியில் ஏறினாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். வெயில் முகத்தில் அடித்தால் கம்பெனிக்காரர்களுக்கு என் மகள் முகம் தெரியாது. அவளைத் தொட்டி மேல் உட்கார வைத்து, ஏணியில் தொங்கியபடி குடை பிடித்தேன். போனைத் தூக்கினால் மூன்று பேர் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

கீழே அண்ணனின் தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. திவ்யா "பேர்டன் மேம்" என்று இரண்டாவது தடவை சொன்னபோது, சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். எங்கள் அப்பா போன அன்று நிறுத்தினார். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். லாரிக்காரர் பில்லுக்காக ஹார்ன் அடித்தார். அண்ணன் ரோட்டுக்குப் போய், "சித்த கம்முனு இருங்க, புள்ளை பேசுது" என்றார். கிணற்று மேட்டில் மயில் ஒன்று அகவ ஆரம்பித்தது. அதை பாய் போய், "போங்க, அக்கட்ட போங்க" என்று மரியாதையாகத் துரத்தினார்.

மேலே இங்கிலீஷ் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் அங்கங்கே ஒரு வார்த்தைதான் பிடிபடும். கண்ணாடி போட்ட அம்மா ஏதோ கேட்டார். ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறாய், அந்தக் குடை பிடிக்கிற கை யாருடையது என்று கேட்டிருக்கிறார் போல. திவ்யா பதில் சொன்னாள். அதில் "மை ஃபாதர்" வந்தது. குடையை இன்னும் நேராகப் பிடித்தேன்.

அடுத்து அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். திவ்யா பதில் சொல்ல வாய் திறந்து, அப்படியே நிறுத்தினாள். அவள் பார்வை என்னைத் தாண்டிப் போனது. தொட்டி மேலிருந்து பார்த்தால் மொத்தத் தோட்டமும் தெரியும். அண்ணன் வீட்டு ஜன்னலிலிருந்து கிளம்பி, கிணற்றைச் சுற்றி, சாய்ந்த தென்னை மேலே ஏறி இறங்கி, எங்கள் வீட்டுக்குள் வந்து நுழையும் ஒரு கறுப்பு வயர் தெரிந்தது.

"அப்பா" என்றாள். போனை மூடக்கூட இல்லை. மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அது என்ன வயர்?"

"அது சும்மா, கண்ணு. நீ பேசு."

"பெரியப்பா ஊட்ல இருந்து திருப்பிக் கொண்டாந்து நம்ம பெட்டிலயே சொருகியிருக்கீங்களா?"

"ரவுண்டு லைன்" என்றேன். "பிரஷர் சமமா வரோணும்ல."

கண்ணாடி அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தவர் தமிழ்க்காரர் போலிருக்கிறது. திடீரென்று அவர் தலை குனிந்து, தோள் மட்டும் குலுங்கியது.

திவ்யா கீழே எட்டிப் பார்த்துக் கத்தினாள். "அம்மா, ஹால் பெட்டில கடேசியா இருக்கற கறுப்பு வயரப் புடுங்கிப் போடுங்க."

சரசு அந்த உத்தரவுக்காகக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவள் மாதிரிப் போய்ப் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அண்ணன் குரல்: "வந்துருச்சு. பில்லு ஏறிருச்சு." திவ்யா ஏணியில் என்னைத் தாண்டி இறங்கி ஓடினாள். லேப்டாப்பில் போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேசினாள். நான் குடையோடு ஏணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வி என்ன என்று பிறகுதான் தெரிந்தது. "உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் இப்போது என்ன கோளாறாக இருக்கும், உங்களால் சொல்ல முடியுமா?" என்று கேட்டாராம். என் மகள் சொன்னதோடு நில்லாமல், அவர்கள் கண் முன்னாலேயே, ஏணியில் தொங்கிய கோளாறைக் கேள்வி கேட்டுச் சரிசெய்து காட்டிவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டுக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தபோது எனக்கு விளக்கம் சொன்னாள். "தண்ணி செடிகிட்டப் போனா மண்ணுல எறங்கிரும்ப்பா. இது எறங்காது. கம்ப்யூட்டருக அப்பப்ப 'இங்க யாராரு இருக்கீங்க'ன்னு எல்லாத்துக்கும் ஒரு சத்தம் குடுக்கும். ஒவ்வொரு பெட்டியும் அத அடுத்த பெட்டிக்குச் சொல்லும். கடேசிப் பெட்டியோட அது நின்னுரும். நீங்க கடேசியக் கொண்டுபோய் மொதலோட கட்டிட்டீங்க. குடுத்த சத்தமே சுத்தி வருது, அதையே திரும்பவும் எல்லாத்துக்கும் சொல்லுது. கடேசில பெட்டிக்கு அதே வேலையாப் போச்சு. வேற யாரு பேச்சும் காதுல உழுகல."

அண்ணன் மோவாயைத் தடவினார். "அதாவது, உன்ற அப்பனப் பத்தி நான் பாய்கிட்டச் சொல்றேன். பாய் சரசுகிட்டச் சொல்றாரு. சரசு எங்கிட்டயே வந்து சொல்றா. நான் ஏதோ புதுசுன்னு நெனச்சு மறுபடியும் பாய்கிட்டச் சொல்றேன்."

"அதேதானுங்க பெரியப்பா."

"அப்ப இவன் நெட்டுல நம்ம குடும்பத்த ஏத்திப்போட்டான்."

வேலை கிடைத்துவிட்டது. (அண்ணன் கம்ப்யூட்டர் ஊர்ந்ததற்குக் காரணம் கடைசியில் இருந்ததல்ல, கம்ப்யூட்டரே கிழடு என்றும், அவர் போனில் வேகம் குறைந்தது என் ஹால் பெட்டியின் வைஃபை அவ்வளவு தூரம் எட்டாததால் என்றும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. முறை கலைந்தது. சரசு எல்லார் முறையிலும் சாம்பார் வைக்கிறாள்.) திவ்யா பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரமே போன் செய்து, "அப்பா, உங்க பேரு இங்க எல்லாத்துக்கும் தெரியுமுங்க" என்றாள். பெருமையாக இருந்தது. எதற்காகத் தெரியும் என்று கேட்டேன். அந்தத் தோள் குலுங்கிய தமிழ்க்காரர்தான் அவள் மேலதிகாரியாம். அந்த ஆபீசில் யாராவது வயரை மாற்றிச் சொருகி வேலை நின்றுபோனால், "யாருப்பா அது, செல்லமுத்து பண்ணுனது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டதாம். இந்திக்காரப் பையன்கள்கூட, தெலுங்குக்காரப் பையன்கள்கூட, "ஐ டிட் எ செல்லமுத்து, சாரி சார்" என்கிறார்களாம். ஒரு சர்டிபிகேட்டிலும் ஒழுங்காக ஏறாத என் பெயர், பெங்களூரில் ஒரு வியாதிக்குப் பெயராகிவிட்டது.

ஒன்றரை வருசம் கழித்து ஜாதகம் வந்தது. சரசு சித்தியின் கைப்பையிலிருந்து வந்ததில்லை. பல்லடத்துக்காரப் பையன். அதே ஆபீசில் வேறொரு பிரிவில் வேலை. பெண் பார்க்க வந்தார்கள். கார் நிறைய ஒறம்பரை. கேசரி, பஜ்ஜி எல்லாம் தயார். திவ்யா சேலை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. ஹால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றார் என்னைப் பார்த்து. "நீங்கதானுங்களா அந்தச் செல்லமுத்து?"

"ஆமாங் மாப்ள."

"அந்தப் பெட்டி இதுதானுங்களா? அந்தத் தென்னமரம் எங்கீங்க இருக்குது?"

எழுந்துபோய்ப் பெட்டியோடு என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். பிறகு தென்னை மரத்தைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொன்னார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் பொறுக்க முடியாமல், "மாப்ள, அப்படியே பொண்ணையும் ஒரு பார்வ பாத்துப்போடுங்க" என்றார்.

கல்யாணம் அவிநாசியில் நடந்தது. ஆபீஸ் நண்பர்கள் பெங்களூரிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். மேடையில் மணமக்களுக்கு மொய்யும் பரிசும் கொடுத்துவிட்டு, எனக்கென்று தனியாக ஒரு பெரிய பொட்டலம் கொடுத்தார்கள். பிரித்தால் உள்ளே நீலக் கலர் நெட் வயர், மாலை அளவுக்குச் சுருட்டியது. இரண்டு முனையும் ஒன்றாகச் சேர்த்து ரிப்பன் கட்டியிருந்தது. அந்தத் தோள் குலுங்கிய மேலதிகாரி அதை என் கழுத்தில் போட்டார். கல்யாண ஆல்பத்தில் அந்தப் போட்டோவுக்கு முழுப் பக்கம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்தே அடுத்த பக்கம்தான்.

அந்த வயர் மாலை இப்போதும் எங்கள் ஹாலில், பெட்டிக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆணியில் தொங்குகிறது. நெட் கொஞ்சம் மெதுவாக வந்தால் போதும், அண்ணன் தோட்டத்தின் குறுக்கே நடந்து வந்துவிடுவார். பெட்டியைப் பார்க்க மாட்டார். சுவரைத்தான் பார்ப்பார். வயர் ஆணியிலேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கட்டிலில் உட்காருவார்.

"தொங்குது" என்பார் உள்ளே இருக்கிற சரசுவிடம். "அப்ப இது கம்பெனிக்காரன் கோளாறுதான். இவன் இல்ல."